நீதான் படகு

சிலோயே தீவில் ஜூலை மழை
நிற்பதில்லை, நடுவில் மூச்சு வாங்கும்.
காஸ்த்ரோ சுகாதார நிலையத்தின் பின்பக்கம்
விறகடுப்பு உள்ள ஒரே அறை என்னுடையது.
மணல் தட்டு, பொம்மை வீடு, நாலு மாடு,
கால் ஒடிந்த குதிரை,
ஒரு வாளி. வாளி தரை துடைக்க.

அமாரோ கார்கமோவுக்கு ஆறு வயது.
ஏப்ரலுக்கு அப்புறம் அடமே பிடிப்பதில்லை,
ரொம்பச் சமத்து என்றாள் அம்மா நெல்டா,
ஏதோ நோயைச் சொல்வதுபோல.
சந்தையில் விலை படியாத ஆள் மாதிரி
எல்லாப் பொம்மைகளையும் பார்த்துவிட்டு
வாளியை இழுத்துப் போட்டுக்கொண்டான்.

அவன் அப்பா சால்மன் கூண்டுகளுக்கு அடியில்
வலைக் கிழிசல் தைத்தவர்.
ஒரு செவ்வாய்க்கிழமை
அவருக்குக் காற்று கொண்டுபோன குழாய் மட்டும்
மேலே வந்தது.
இது கோப்பில் இருக்கிறது.
அவன் வருமுன் கோப்பை மூடிவிடுவேன்.

என்னிடம் முக்குளிக்கும் பொம்மை இல்லை.
அடுப்புக்கு மேல் துண்டு காயும் கொடியிலிருந்து
ஒரு மரக் கிளிப்பைப் பிடுங்கினான்.
அமிழ்த்தினான். மிதந்தது.
அமிழ்த்தினான். மிதந்தது.
கட்டைவிரல் வெளுக்க அழுத்தினான்.
"மேலே வரக் கூடாது."
நான் நினைத்திருந்தேன், படித்த திமிரில்,
காப்பாற்றத்தான் விளையாடுவான் என்று.

ஐந்து வாரம் அதே வாளி.
"நீதான் படகு" என்றான்.
படகு என்ன செய்யணும்?
"ஒண்ணும் செய்யாதே. கூப்பிடாதே."
நாற்பத்தைந்து நிமிடம்
கூப்பிடாத படகாக உட்கார்ந்திருந்தேன்.
சும்மா இருக்கத்தான் உனக்குச் சம்பளம்
என்பார் என் கணவர். பாதி சரி.

ஆறாவது வாரம் கிளிப்பின் காலில்
நூல் சுற்றிக் கூழாங்கல் கட்டினான்.
இறங்கியது. தங்கியது.
வாளி விளிம்பில் முகவாயை ஊன்றி
நெடுநேரம் பார்த்தான்.
அடுப்புக்குள் ஒரு கட்டை சரிந்தது.

"இப்ப நீ படகு இல்லை. நீ நான்.
சைக்கிள் செயின் கழண்டிருக்கு.
அப்பா, அப்புறம்னு சொல்லிட்டுக் கிளம்பறார்.
நீ சொல்லு."
என்ன சொல்லணும்?
காதோரம் வந்தான்.
மழைக்குக்கூடக் கேட்காத குரலில் சொன்னான்.

ஏப்ரலிலிருந்து அந்தச் சொல்
அவன் நாக்கடியில் கிடந்திருக்கிறது.
அதை வைத்துக்கொண்டே சூப் குடித்திருக்கிறான்,
அதை வைத்துக்கொண்டே பள்ளிக்கூடத்தில்
வருகை சொல்லியிருக்கிறான்.

"போ. திரும்பி வராதே" என்றேன்.
"இன்னும் கோபமா."
"போ! திரும்பியே வராதே!"
பக்கத்து அறையில் தடுப்பூசி வரிசை
ஒரு கணம் அடங்கியது.

முழங்கை வரை நீரில் விட்டு
கிளிப்பை எடுத்தான், கல்லோடு, சொட்டச் சொட்ட.
என் மூக்குக்கு நேரே பிடித்து
அழுத்தினான், விட்டான்.
கிளிப்புக்கு வாய் உண்டென்று அன்றுதான் கண்டேன்.
தடித்த குரலில் அது சொன்னது:
"சரி, சரி. சனிக்கிழமை மாட்டித் தரேன்.
மூக்கைத் துடை."

அவ்வளவுதான்.
மன்னிப்பு என்ற சொல்லை
அந்த அறையில் யாரும் எடுக்கவில்லை.
நான் மூக்கைத் துடைத்தேன்.
துடைக்க வேண்டியும் இருந்தது.

வாளியைத் தரையில் கவிழ்த்தான்.
பொம்மை வீட்டுக்கு நூல் பூட்டி
நாலு மாடும் கடலைக் கடந்தன.
எங்கள் தீவில் அப்படித்தான்,
வேறு கரைக்குக் குடிபோனால்
வீட்டையும் இழுத்துக்கொண்டு போவோம்.
ஒடிந்த குதிரை பின்னால் வந்தது,
அதற்கு வேலை ஒன்றும் இல்லை.

நேரம் முடிந்து வாசலில் ஒரே சத்தம்.
தலைமூடி போட மாட்டானாம்.
"நீ மோசம்! நீ ரொம்ப மோசம்!"
நெல்டா பயந்துபோய்
அவன் தலைக்கு மேலாக என்னைப் பார்த்தாள்.

நான் முட்டி போட்டு
தரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.